மூன்று நிர்வாகிகளின் இடமாற்றம்

மார்ச் 4, செவ்வாய்

மாத்திரைப் பெட்டியின் ஏழு அறைகளையும் நிரப்பினேன். வியாழக்கிழமை அறையில் ஒன்று கூடுதலாக விழுந்துவிட்டதோ என்று சந்தேகம். எல்லாவற்றையும் கொட்டி மறுபடி எண்ணினேன். முதலிலேயே சரியாகத்தான் இருந்திருக்கிறது.

பதினோரு மணிக்குத் தங்கை தொலைபேசியில் கூப்பிட்டாள். கணுக்கால் கட்டை அவிழ்க்க இன்னும் ஒரு மாதம் ஆகுமாம். ஆனால் அதைச் சொல்வதற்காகக் கூப்பிடவில்லை.

"அண்ணா, நீதான் கொண்டுபோய் விடணும்."

"எதை?"

"எதைன்னு கேக்கிறியே. மூணையும்தான்."

மூன்று மட்டக்குதிரைகள். என் மைத்துனர் பூங்காவில் பிள்ளைகளுக்குச் சவாரி நடத்திக்கொண்டிருந்தார். வாழ்நாள் முழுக்கச் சங்கத் தேர்தல்களில் நின்று ஒரு பதவிக்கும் வராத மனிதர். அந்த ஆற்றாமையில் குதிரைகளுக்குத் தலைவர், செயலாளர், பொருளாளர் என்று பெயர் வைத்தார். போன ஆண்டு அவர் காலமான பிறகு தங்கை தனியாகச் சமாளித்தாள். பிப்ரவரியில் தண்ணீர்த் தொட்டியருகே வழுக்கி விழுந்தாள். அதோடு சவாரி நின்றது. இப்போது பூங்கா நிர்வாகம் வண்டிகள் நிறுத்த இடம் வேண்டுமென்று, பதினைந்தாம் தேதிக்குள் கொட்டகையைக் காலி செய்யச் சொல்லிவிட்டது.

தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளி எலுமிச்சைத் தோட்டம் வைத்திருக்கும் ஓர் அம்மாள் மூன்றையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறாராம். மரங்களுக்கு நடுவே புல் மேய. இல்லாவிட்டால் கால்நடைத் தரகர்தான். அவர் இரண்டை வேறு வேறு ஊர்களில் விற்றுவிடுவார். தலைவருக்கு இருபத்து மூன்று வயது, வலது கண்ணும் தெரியாது. "அந்தக் கிழட்டை நான் பாத்துக்கறேன்" என்றாராம். எப்படிப் பார்த்துக்கொள்வார் என்று தங்கை கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

"குதிரையைப் பத்தி எனக்கு என்ன தெரியும்? யோசிச்சுச் சொல்றேனே."

"நீ யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள அதுங்க ஆயுசே முடிஞ்சுடும். உன்னை விட்டா எனக்கு யாரு இருக்கா, சொல்லு."

சரி என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்?

மார்ச் 5, புதன்

சரியாகத் தூங்கவில்லை.

மார்ச் 6, வியாழன்

பூங்காவின் பின்புறம் போய்ப் பார்த்தேன். கொட்டகை, அதன் முன்னால் சவாரிக்கான வட்டம், சீட்டுக் கிழிக்கும் இடத்தில் ஒரு முக்காலி. எதிரே தங்கையின் மாடி அறை. ஜன்னலருகே காலை நீட்டி உட்கார்ந்து அவள் எல்லாவற்றையும் பார்க்கலாம். பார்ப்பதோடு நிறுத்துகிறவளும் அல்ல.

பாலங்கள் எவ்வளவு பளு தாங்கும் என்று சரிபார்க்கும் அலுவலகத்தில் முப்பத்தோரு ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். நான் கையெழுத்திட்ட பாலம் எதுவும் விழவில்லை. ஆனாலும் அவற்றில் ஒன்றைக்கூட நான் நிம்மதியாகக் கடந்ததில்லை. ஆகவே முதலில் எடை. நாடாவால் நெஞ்சுச் சுற்றளவையும் நீளத்தையும் அளந்து கணக்குப் போட்டால் எடை கிடைக்குமென்று படித்திருந்தேன். தலைவர் நூற்று எழுபது கிலோ. செயலாளர் நூற்று அறுபது. பொருளாளரை இரண்டு முறை அளந்தேன். இரண்டு முறையும் வேறு வேறு எடை. மூச்சை உள்ளே இழுத்துக்கொள்கிறார் என்று நினைக்கிறேன்.

"என்னண்ணா, சட்டை தைக்கப் போறியா?" என்று ஜன்னலிலிருந்து குரல் வந்தது.

மார்ச் 8, சனி

லாரி கிடைத்துவிட்டது. மூன்று ஓட்டுநர்களிடம் விசாரித்தேன். மெதுவாக ஓட்டுவதைப் பெருமையாகச் சொன்னவர் ஒருவர்தான். பதினெட்டு ஆண்டுகளாக முட்டை ஏற்றுகிறார்.

"சார், நான் வேகத்தடையில ஏறி இறங்கினா வண்டிக்கே தெரியாது. ஒரு முட்டை உடைஞ்சாலும் அன்னிக்கு எனக்குச் சோறு இறங்காது."

நூற்றிரண்டு கிலோ இருப்பதாக அவரே சொன்னார். அவருக்குச் சோறு இறங்காத நாட்கள் மிகக் குறைவு என்று தெரிகிறது.

திங்களன்று ஏற்றுவது. திட்டம் பதினாறு அம்சங்களில் எழுதி முடித்தேன். சாய்வுப் பலகையின் கோணம், வைக்கோலின் கனம், எந்தக் குதிரை எந்தச் சக்கரத்துக்கு மேல் நிற்க வேண்டும், எல்லாம் இருக்கிறது. ஏதோ ஒன்று விட்டுப்போனதாகவும் தோன்றுகிறது. ஆனால் எனக்கு எப்போதுமே அப்படித்தான் தோன்றும்.

மார்ச் 10, திங்கள்

தோல்வி.

தலைவர் பலகையில் ஒரு காலை வைத்தார். பலகை சத்தம் போட்டது. காலை எடுத்துக்கொண்டார். குறைபாடுள்ள தீர்மானத்தைத் திருப்பி அனுப்புகிறவர் முகம். பிறகு இரண்டு மணி நேரம் அசையவே இல்லை. அவர் ஏறாததால் செயலாளரும் ஏறவில்லை. பொருளாளர் ஆசை காட்ட வைத்திருந்த கேரட் முழுவதையும் தின்றார். அது தீர்ந்ததும் பலகையில் பரப்பியிருந்த வைக்கோலைத் தின்றார்.

ஓட்டுநர் பின்னாலிருந்து தள்ளினார்.

"தள்ளாதீங்கப்பா, அது என்ன ஸ்டார்ட் ஆகாத காரா?" என்றாள் தங்கை மேலேயிருந்து.

"வேற என்னம்மா செய்யறது? முட்டைன்னா நான் பாட்டுக்குத் தூக்கி வச்சுட்டுப் போயிருப்பேன்."

தரகர் மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று பல் குத்திக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ. "பெரியவரே, நான் ஒண்ணும் அவசரப்படுத்தல. பதினஞ்சாந்தேதி வரைக்கும் இருக்கில்ல" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். வீட்டுக்கு வந்து மிச்ச நாட்களை இரண்டு முறை எண்ணினேன்.

மார்ச் 11, செவ்வாய்

ஏண்டா உனக்கு இந்த வேலை? எழுபத்திரண்டு வயசு. முட்டி வலி. நாயைக் கண்டாலே எதிர்ச்சாரிக்குப் போறவன் நீ. முடியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லத் தெரியல உனக்கு — இப்ப போய் அவகிட்ட எப்படிச் சொல்லுவே?

சொல்லவில்லை. நாளைக்கு இன்னொரு முறை பார்க்கலாம்.

மார்ச் 12, புதன்

இன்று எதையும் செய்யாமல் முக்காலியில் உட்கார்ந்து கவனித்தேன். சரியாக நாலரை மணிக்கு மூன்றும் கொட்டகையிலிருந்து தாமாகவே வெளியே வந்தன. தலைவர் முன்னால், நடுவில் செயலாளர், கடைசியில் பொருளாளர். என் முக்காலிக்குப் பக்கத்தில் வரிசையாக நின்றன. அவ்வளவுதான். ஐந்து மணிவரை நின்றன. தங்கை விழுந்த நாளிலிருந்து சவாரியே கிடையாது. ஆனாலும் வேலை நேரம் தவறவில்லை.

ஓட்டுநர் தன் பலகையை எடுத்துப்போக வந்தார். தவிட்டு மூட்டை ஒன்று வழியில் கிடந்தது. அதைத் தூக்கும்போது கைபேசி அடிக்கவே, மூட்டையைத் தலைவர் முதுகில் வைத்துவிட்டு எடுத்துப் பேசினார். உடனே தலைவர் நடக்க ஆரம்பித்தார். மற்ற இரண்டும் பின்னால். இடப்பக்கமாகச் சுற்றும் வட்டம். ஒன்று, இரண்டு, மூன்று. முக்காலியருகே நின்றன. ஓட்டுநர் இன்னும் காதில் கைபேசியை வைத்தபடியே இருந்தார்.

"சார், இது டவுன் பஸ் மாதிரி. ஆள் ஏறினாத்தான் கிளம்பும்."

மூட்டையை இறக்கி மறுபடி ஏற்றினோம். தலைவர் திரும்பி முகர்ந்து பார்த்தார். நகரவில்லை. ஒரு முறைதான் ஏமாந்தார்.

மாடிக்குப் போய்த் தங்கையிடம் என் கண்டுபிடிப்பைச் சொன்னேன். "இது ஊருக்கே தெரியுமே" என்றாள். "முன்னாடி இருக்கிறது மேல ஆள் ஏறணும். மூணு சுத்து. இடது பக்கம் மட்டும்தான். பதினஞ்சு வருஷமா வேற என்னத்தக் கண்டுச்சுங்க, பாவம்."

"நீ சொல்லவே இல்லையே."

"நீ லாரியோட நீளம் கேட்டே, அகலம் கேட்டே, பலகை என்ன மரம்னு கேட்டே. குதிரையைப் பத்தி ஒரு கேள்வி கேட்டியா?"

கேட்கவில்லை. பதினாறு அம்சங்களில் ஒன்றில்கூட, குதிரை எப்படி நடக்கும் என்பது இல்லை.

மார்ச் 13, வியாழன்

புதிய திட்டம். வட்டத்துக்குத் தொடுகோடாக லாரியை நிறுத்துவது. அதாவது, வட்டத்தில் வரும் குதிரை வளையாமல் நேராக நடந்தால் பலகையில் ஏறி உள்ளே போய்விட வேண்டும். இடப்பக்கம் வளைய விடாமல் அங்கே ஒரு சுவர் வேண்டும். லாரி வலப்பக்கமாக நிற்கும். அந்தக் கண் தலைவருக்குத் தெரியாது. பலகை சத்தம் போடாதிருக்க ஈரமண் கொட்டுவது. பொருளாளர் மண் தின்னமாட்டார் என்று நம்புகிறேன்.

மிச்சமிருந்தது ஆள். தலைவரின் வயதுக்கு ஐம்பது கிலோவுக்கு மேல் ஏற்றக்கூடாது என்று கால்நடை மருத்துவர் முன்பே சொல்லியிருக்கிறார். ஓட்டுநர் என்னைப் பார்த்தார். தங்கையும் ஜன்னலிலிருந்து என்னைப் பார்த்தாள். என் எடை நாற்பத்தேழு. இதற்கு முன் அது எதற்கும் பயன்பட்டதில்லை.

முக்காலியில் ஏறி, அங்கிருந்து சேணத்தில் உட்கார்ந்தேன். ஓட்டுநர் தன் ஹெல்மெட்டைக் கொடுத்திருந்தார். பிடரியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். மூன்று சுற்று. கண்ணைத் திறந்தது இரண்டாவது சுற்றில்.

"அண்ணா, காலை மடக்கிக்கோ. தரையில தேயுது."

இறங்கிய பிறகு ஒரு மணி நேரம் முக்காலியை விட்டு எழவில்லை. பயத்தோடு வேறொன்றும் இருந்தது. என்னவென்று எழுதத் தெரியவில்லை.

மார்ச் 14, வெள்ளி

தோட்டத்துக் கருவிகள் வைக்கும் அறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். வந்து சேர்ந்துவிட்டோம். வரிசையாக எழுதுகிறேன்.

காலை ஏழு. ஓட்டுநர் காலி முட்டை அட்டைகளை ஆள் உயரத்துக்கு அடுக்கிச் சுவர் கட்டினார். நான் ஏறினேன். தலைவர் கிளம்பினார். முக்கால் வட்டம் வரை உலகம் சரியாக இருந்தது. இடக் கண்ணில் முட்டை அட்டைச் சுவர் தெரிந்ததும் தயங்கினார். நானும் தயங்கினேன். யார் முதலில் தைரியம் கொண்டோம் என்று சொல்ல முடியாது. மண் மிதிபட்டது, முன்பக்கம் உயர்ந்தது, லாரிக்குள் இருந்தோம். பின்னாலேயே செயலாளர், பொருளாளர். கதவு சாத்தப்பட்டது.

அப்போதுதான் ஒன்று புரிந்தது. நடந்தது ஒரு சுற்றுதான். அவற்றின் கணக்கில் இன்னும் இரண்டு பாக்கி. நான் இறங்கியதும் பொருளாளர் வெளியே போகத் திரும்பப் பார்த்தார். ஒன்றரைக் குதிரைக்கான இடத்தில் அவர் திரும்ப முயன்றதும் லாரி ஆடியது.

"ஏறுங்க சார், ஏறுங்க" என்று ஓட்டுநர் வெளியிலிருந்து கத்தினார். "ஆள் இறங்கிட்டா சவாரி ரத்துன்னு நினைச்சுக்குதுங்க."

ஓடும் லாரியில் முதுகில் உட்காரக்கூடாது என்பது மருத்துவர் சொன்ன இன்னொரு விதி. ஆகவே பக்கத்தில் நின்று, என் மார்பையும் இரண்டு கைகளையும் தலைவர் முதுகின் மேல் போட்டுச் சாய்ந்துகொண்டேன். பாதி ஆள். அவர் யோசித்தார். ஏற்றுக்கொண்டார்.

நாலரை மணி நேரம் அப்படியே. ஒரு மிதிவண்டி எங்களை முந்திப் போனது. மேடு பள்ளம் வரும்போதெல்லாம் மூன்றும் காதை விறைத்தன. மைத்துனர் ஓயாமல் பேசிக்கொண்டே நடத்துவார் என்பது நினைவுக்கு வந்தது. எனக்குப் பேச என்ன இருக்கிறது? வாய்ப்பாடு சொன்னேன். இரண்டிலிருந்து ஆரம்பித்தேன். ஏழாம் வாய்ப்பாட்டில் செயலாளர் காதைத் தளர்த்தினார். ஆற்றுப் பாலம் வந்தபோது பதின்மூன்றில் இருந்தேன். பாலத்தின் நடுவே எனக்கு வழக்கமாக வரும் சந்தேகம் வர மறந்துவிட்டதைக் கடந்த பிறகுதான் கவனித்தேன். பதின்மூன்றாம் வாய்ப்பாடு அவ்வளவு கடினம்.

தோட்டத்தில் அந்த அம்மாளும் நாலைந்து வேலைக்காரர்களும் காத்திருந்தார்கள். குதிரைகளை இறக்கினோம். திறந்த வெளி, கண்ணுக்கெட்டிய வரை புல். மூன்றும் வரிசையாக நின்றன. அசையவில்லை.

"என்ன பெரியவரே, நிக்குதுங்க?"

"இன்னும் ரெண்டு சுத்து பாக்கி இருக்கும்மா" என்றேன். வேறு எப்படிச் சொல்வது?

ஹெல்மெட்டை மாட்டி ஏறினேன். ஒரு எலுமிச்சை மரத்தைச் சுற்றி, எல்லாரும் பார்க்க, துல்லியமாக இரண்டு சுற்று. நின்றன. இறங்கினேன். ஒருவரும் சிரிக்கவில்லை. அது இன்னும் மோசம்.

மார்ச் 15, சனி

காலையில் போய்ப் பார்த்தேன். அதே மரத்தடியில் அதே வரிசை. முழங்கால் உயரப் புல்லில் நின்றுகொண்டு, யாராவது வைக்கோல் கொண்டுவந்து போடட்டும் என்று காத்திருக்கின்றன.

அம்மாள் இடுப்பில் கை வைத்தபடி வந்தார். "பெரியவரே, நான் புல்லு மேயத்தான் குதிரை கேட்டேன். வரிசையில நிக்கிறதுக்கு என்கிட்டே ரேஷன் கடை இல்ல."

"ஒருவேளை, புது இடம்..."

"அடுத்த ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாக்கிறேன். மேயுறது இருக்கட்டும், மேயாதது தரகர்கிட்ட போகட்டும். நான் இரக்கமில்லாதவ இல்ல. ஆனா புல்லு வளர்ந்துட்டே இருக்கு பாருங்க."

மூன்றையும் சேர்த்தே எடுத்துக்கொள்வதாகத்தானே பேச்சு என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாய் வரவில்லை. எட்டு நாட்கள் தங்கிக்கொள்ளலாமா என்று மட்டும் கேட்டேன். கருவி அறையில் ஏணிகளுக்கு நடுவே கட்டில் போட்டுக் கொடுத்தார். தங்கையிடம் "எல்லாம் நல்லபடி" என்று தொலைபேசியில் சொன்னேன். பொய்.

மார்ச் 17, திங்கள்

மூன்று சுற்று என்ற கணக்கை உடைக்க வேண்டும். ஒன்று முதல் ஒன்பது வரை எண்களைச் சீட்டுகளில் எழுதி ஹெல்மெட்டில் போட்டுக் குலுக்கி, வருவதுதான் அந்தச் சவாரியின் சுற்று. ஒவ்வொரு நாளும் வேறு மரம். ஒழுங்கின்மைக்கு ஓர் அட்டவணை தயாரித்துச் சுவரில் ஒட்டினேன். அம்மாள் வந்து இரண்டு முறை வாசித்துவிட்டுப் போனார்.

மூன்றில் நின்றவரைக் குதிகாலால் தட்டி நான்காவது சுற்று போக முயன்றபோது செயலாளர் பின்னாலிருந்து வந்து என் சட்டைக் கையைக் கடித்தார். விதிமீறலை அவரால் பொறுக்க முடியவில்லை. எனக்குப் புரிகிறது. என்னாலும் முடிவதில்லை.

மார்ச் 18, செவ்வாய்

சீட்டில் இரண்டு முறை மூன்றே வந்தது. இன்னொரு முறை குலுக்கினேன். இது முறையா?

மார்ச் 19, புதன்

பொருளாளர் வரிசையை விட்டார். ஐந்தாவது சுற்றில் நடந்துகொண்டே ஒரு வாய் புல்லைப் பிடுங்கினார். பிறகு இன்னொரு வாய். பிறகு கூட்டத்தை மறந்தார். மாலை வரை நிமிரவில்லை. அம்மாள், "இது ஒண்ணு தேறிடுச்சு" என்றார்.

மார்ச் 21, வெள்ளி

செயலாளரும். பொருளாளர் தின்பதை இரண்டு நாள் கண்டனத்தோடு பார்த்துக்கொண்டிருந்தவர், இன்று மதியம் பக்கத்தில் போய் நின்று தானும் தின்றார்.

தலைவர் மட்டும் தனியாக மரத்தடியில் நிற்கிறார். பின்னால் யாருமில்லை என்பதுகூட அவருக்குத் தெரியவில்லையோ. வைக்கோல் போட்டேன். ஒரு வாய் தின்றுவிட்டு என்னைப் பார்த்தார். ஏறச் சொல்கிறார்.

மார்ச் 22, சனி

தங்கை கூப்பிட்டாள். "மூணும் மேயுதா?" இந்த முறை பொய் வரவில்லை. சொல்லிவிட்டேன். "அது அவரோடயே இருந்துச்சு அண்ணா. அவர் மாதிரியே பிடிவாதம்" என்றாள். பிறகு, "நீ சாப்பிட்டியா?" என்றாள்.

நாளை ஞாயிறு.

மார்ச் 23, ஞாயிறு

ஆறு மணிக்கே போனேன். சீட்டுக் குலுக்கவில்லை. ஏறி உட்கார்ந்து, வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு திட்டமும் இல்லாமல், தலைக்கயிற்றை வலது பக்கம் இழுத்தேன். தலைவருக்கு அது விளங்கவில்லை. உடம்பு இடது பக்கம், கழுத்து வலது பக்கம். நான் இரண்டுக்கும் நடுவே மிக மெதுவாகச் சரிந்து புல்லில் விழுந்தேன். அடி இல்லை, புல் அவ்வளவு அடர்த்தி.

எழவில்லை. எதற்கு எழ வேண்டும் என்று தோன்றியது. எட்டு நாளும் வீண். பத்து மணிக்கு அம்மாள் வருவார். தரகருக்கு ஒரு போன், அவ்வளவுதான். தங்கையின் முகத்தை எப்படிப் பார்ப்பது? அழுதேனா? கொஞ்சம்.

தலைவர் காத்திருந்தார். நான் ஏறுவேன் என்று. நான் ஏறவில்லை. வெகுநேரம் கழித்து என் முகத்தருகே தலையைத் தாழ்த்தி முகர்ந்தார். சூடான மூச்சு. பிறகு என் காதுக்குப் பக்கத்தில் ஒரு சத்தம். புல் கிழிபடும் சத்தம்.

மூச்சைக்கூட மெதுவாக விட்டேன். முதலில் என் தலையைச் சுற்றி மேய்ந்தார். அப்புறம் தோளருகே. நான் அசைந்தால் நிறுத்திவிடுவார் என்ற பயத்தில் எறும்பு ஏறியதைக்கூடத் தட்டவில்லை. எட்டு மணி இருக்கும், அம்மாளின் செருப்புச் சத்தம் ஓடி வந்தது.

"ஐயோ, பெரியவரே, என்ன ஆச்சு? உயிரோட இருக்கீங்களா?"

"இருக்கேன். சத்தம் போடாதீங்க. மேயுது."

அவர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு அப்படியே நின்றார். தலைவர் என் காலருகே முடித்துவிட்டு, வலது பக்கம் இன்னும் நல்ல புல் இருந்ததால், அந்தப் பக்கம் போனார்.

ஏப்ரல் 6, ஞாயிறு

கணுக்கால் கட்டு அவிழ்ந்ததும் தங்கை வந்தாள். ஓட்டுநர்தான் கூட்டிவந்தார், முட்டையைப் போலப் பத்திரமாக இறக்கினார். கைத்தடியோடு வேலியோரம் போய் நின்றாள். தூரத்தில் மூன்றும் மூன்று இடத்தில் இருந்தன.

நாக்கை மடித்து ஒரு சத்தம் கொடுத்தாள். மைத்துனர் வரிசைக்குக் கூப்பிடும் சத்தமாம். பொருளாளர் நிமிர்ந்து பார்த்தார். வாயில் இருந்ததை மென்று முடித்துவிட்டு மறுபடி குனிந்தார். செயலாளர் நிமிரவும் இல்லை. தலைவர் மரங்களுக்குப் பின்னால் எங்கோ.

"வரலியே" என்றாள்.

அவள் இன்னொரு முறை கூப்பிடவில்லை. கொஞ்ச நேரம் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நன்றி கெட்ட கழுதைங்க" என்று சொல்லி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு சிரித்தாள். பிறகு அம்மாள் கொடுத்த எலுமிச்சைச் சாற்றை இரண்டு டம்ளர் குடித்தாள்.

கிளம்பும்போது கேட்டாள், "நீ எப்ப வீட்டுக்கு வர்றே?"

"அடுத்த வாரம் வரலாம்னு பாக்கிறேன்."

"போன வாரமும் இதையேதான் சொன்னே" என்றாள். லாரி கிளம்பியது. நடந்து போயிருந்தால் சீக்கிரம் கண்ணிலிருந்து மறைந்திருப்பார்கள்.

மாலையில் நான்காவது வரிசை மரங்களுக்குத் தண்ணீர் திறந்துவிட்டேன்.